மங்கலான ஒரு பென்சில் கோடு

இன்று ஒஸ்லோவில், எங்கள் ரொம்சோஸில் டுக்னாட். குடியிருப்பில் உள்ள எல்லோரும் கூடிக் குப்பை அள்ளுகிற சனிக்கிழமை. நிலவறைக் களஞ்சியத்தை ஒதுக்கும்போது, சைக்கிளுக்குப் பின்னால், என் பயணப் பெட்டியில் வந்த உன் தேர்தல் பலகை. மெல்லிய பிளாஸ்டிக். ஒரு பெண்ணின் பெயர், கனடாவில் அவர் போட்டியிட்ட தொகுதியின் பெயர். அடியில் இன்னும் அந்த ஊர் மண்.

மேல்மாடி நோர்வேஜியர் எட்டிப் பார்த்தார்.

"வென்றவரா?"

"இல்லை."

"அப்ப பிளாஸ்டிக் தொட்டிக்குத்தான்."

பகிடிதான். நான் போடவில்லை.

நீ போய் ஒரு வருடமாகிறது. வேலைக்குப் போகும் பேருந்தில், இருக்கையிலேயே, உன் இதயம் நின்றது. இவ்வளவு காலமும் உனக்கு எழுத என்னால் முடியவில்லை.

தேர்தல் நடந்த அந்த வசந்தத்தில் ஊர் பார்க்கத்தான் உன்னிடம் வந்தேன். ரொம்சோஸில் என்னோடு ஒரே வகுப்பில் படித்து, கலியாணம் முடித்துக் கனடா போனவள் நீ. வந்து இறங்கிய மறுநாளே என் கையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம் திணித்தாய். மாடிக் கட்டடங்கள். ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். நான் மணியை அழுத்திவிட்டு நாலு அடி பின்னால் போய் மரியாதையாக நின்றேன். ஒருவரும் திறக்கவில்லை. நீ நடைபாதைச் சுவரில் சாய்ந்து சிரித்தாய்.

"எடி, தள்ளி நிண்டால் கதவுக் கண்ணிலை முகம் தெரியாது. இது ஒஸ்லோ இல்லை. கிட்டப் போ."

உன் வேட்பாளர் பாண் தொழிற்சாலையில் உன் பக்கத்தில் நின்று பொதி கட்டியவர். தொழிற்சாலையை மூடினார்கள். வேலையிழந்தோர் காப்புறுதிக்கு உனக்கு இன்னும் சில கிழமை வேலை தேவைப்பட்டது. அது இல்லாததால் ஒரு குளிர்காலம் முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த விதியை மாற்றுவேன் என்றுதான் அவர் நின்றார். உனக்கு இது வயிற்று விசயம். ஐந்து கிழமை படியேறினாய். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு.

பாடசாலையில் வாக்கு எண்ணும்போது, அவர் சார்பில் பார்த்திருக்கும் சாட்சியாக மேசையருகில் உட்கார்ந்தவளும் நீ. நான் உன் வீட்டில் தொலைக்காட்சி பார்த்தபடி இருந்தேன். அவர் தோற்றார். மிகக் கொஞ்சத்தால். அந்த வித்தியாசத்துக்கான ஆட்களை ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். நீ வந்து, சப்பாத்தைக் கழற்றிப் படுத்தாய்.

மறுநாள் காலை மழைத் தூறலில் பலகைகளைப் பிடுங்கப் போனோம். அதே தெருவில் வென்ற கட்சிக்காரர் ஒருவரும் தன் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தமிழர்தான். முந்திய நாள் உன் மேசையில் எதிர்ப்பக்கச் சாட்சி. நீ அடுத்த வளவுக்குள் இருந்தாய். அவர் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, உங்கட சிநேகிதி நேற்றுச் செய்த வேலை தெரியுமோ?"

"இல்லை, அண்ணை."

சொன்னார். அதிகாரி ஒரு வாக்குச்சீட்டை விரித்துக் காட்டினாராம். ஒன்றும் குறிக்காத வெற்றுச்சீட்டுப் போலிருந்ததாம். நிராகரித்தவற்றோடு வைக்கப் போனாராம். அந்த நேரம் பார்த்து இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நீ மட்டும், பொறுங்கோ, வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கோ என்றாயாம். சரித்தார்கள். பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டங்களில் ஒன்றுக்குள் மங்கலாக ஒரு பென்சில் கோடு. இவருடைய கட்சியின் வட்டம்.

"எங்களுக்கு வந்த வாக்கைத் தாறதுக்கு அவவே இருக்கிறா. நானெண்டால் வாயே திறந்திருக்க மாட்டன்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உன் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

காருக்குள் உன்னைப் பிடித்தேன்.

"விசரி. ஏன் வாயைத் திறந்தனி?"

"கண்டனான்."

"அந்தாள் காணேல்லையே."

"நான் கண்டனான்தானே."

"உன்ரை ஆள் வெல்லுறாவோ தோக்கிறாவோ எண்டு அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஒரு வாக்கிலை போயிருந்தால்?"

நீ காரை எடுக்கவில்லை. கண்ணாடியில் தூறல். பின்னிருக்கையில் பலகைகளின் ஈர மண் மணம்.

"ஆரோ ஒராள் வந்து போட்டிருக்கு. கையிலை பெலன் இல்லை, அவ்வளவுதான். இல்லையெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"நீ சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தால் காணும்."

"சும்மா இருந்தால், அதுதானடி இல்லையெண்டு சொல்லுறது."

பிறகு நேரே உன் வேட்பாளர் வீட்டுக்கு விட்டாய். வேறொருவர் சொல்லுமுன் நீயே சொல்ல வேண்டுமாம். வாசலில் நின்று சொன்னாய். நான் காருக்குள் இருந்து பார்த்தேன். அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். உன் முழங்காலைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கோபம். விமான நிலையத்திலும் உன் முகத்தைப் பார்க்காமல் போனேன். அதைப் பற்றிப் பிறகு நாங்கள் கதைக்கவேயில்லை. நீ மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். உனக்கு அது பெரிய விசயமே இல்லை. அதுதான் என்னை இன்னும் திகைக்க வைக்கிறது.

வீரம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நிறைய வாசித்தேன். எழுதியும் இருக்கிறேன். அங்கெல்லாம் பெரிய சதுக்கங்கள், கூட்டங்கள், துப்பாக்கிகள். ஒரு பாடசாலை மேசையும், களைத்த ஒரு பெண்ணும், அவளைத் தவிர ஒருவரும் காணாத ஒரு கோடும் எங்கும் இருக்கவில்லை.

டி-பான் சுரங்க ரயிலில் வேலைக்குப் போகும்போது, அந்த மேசையில் உன் கதிரையில் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்க்கிறேன். பலமுறை. சீட்டு விரிகிறது. எனக்கு மட்டும் தெரிகிறது. எதிரே மனிதர் கண்ணாடியைக் கழற்றுகிறார், துடைக்கிறார். நான் என்ன செய்யப் போகிறேன் என்று காத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், நான் வாய் திறக்குமுன், அவர் கண்ணாடியைப் போட்டுவிடுகிறார்.