முதல் ஓட்டம் அக்காவுக்கு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? போன கடிதத்துக்கு இரண்டே வரியில் பதில் போட்டீர்கள். பள்ளிக்கூட நோட்டுத் திருத்தித் திருத்திக் கை அப்படிப் பழகிவிட்டது போலிருக்கிறது.

நம் பழைய கணினிக்கு இந்த மாதத்தோடு ஓய்வு. புதியது பெட்டியோடு வராந்தாவில் நிற்கிறது. அதன் வேகத்தை ஒப்பிட, பழையதில் எந்த மாடல் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடைசியாக ஒருமுறை அளக்கப் போகிறேன். மழையை வைத்து வெள்ளம் வருமா என்று கணக்கிடும் என் மாடல் இங்கே இருக்கிறது. உங்களுடையதை இடமில்லை என்று அப்போதே அழித்துவிட்டார்கள். உங்களிடம் ஒரு சிடி இருந்ததே, அனுப்புவீர்களா? அலுவலகத்துக்கு அது தேவையில்லை. எனக்குத்தான் ஆசை.

பதினான்கு வருடத்துக்கு முன், யார் மாடல் வேகம் என்று அறிக்கை கொடுக்க ஐந்து நாள் நாம் அளந்தது நினைவிருக்கிறதா? குளிரூட்டிய அறையில் இரண்டு பேருக்கும் ஒரே ஸ்வெட்டர். நீங்கள் நேரத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்; அதில்தான் எனக்குக் கடிகாரம் என்று பேர் வைத்தீர்கள். மாடல் ஓடும்போது மேஜையில் கை வைத்தால்கூட, "தொடாதடி, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்பீர்கள். அந்த நாட்களைப் போல நான் பிறகு சிரித்ததே இல்லை அக்கா.

உங்கள்,
கடிகாரம்

ஜனவரி 17

அன்புள்ள கடிகாரத்துக்கு,

முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி சுகம். உன் மாமா சிடியைத் தேடுகிறேன் பேர்வழி என்று பரணையே கவிழ்த்துவிட்டார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நீ பிரிவுத் தலைவி ஆனதைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். நீ சொல்லவில்லை. சங்கடப்படுவேன் என்று நினைத்தாயோ? சங்கடம்தான், பொய் சொல்வானேன். "நல்ல மாடல்தான், ஆனா மெதுவு" என்று கூட்டத்தில் இயக்குநர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பதினான்கு வருடமாக நான் மெதுவானவள் என்றே நம்பிவிட்டேன். காய் நறுக்கும்போதுகூட.

ஆனாலும் அந்த அறை கனவில் வருகிறது. கால் ஆடும் அந்த நாற்காலியும் வருகிறது. என் மாடல் கடைசியாக ஒருமுறை ஓடட்டும். எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

தபால் தாமதம். அதனால் சிடி வந்த அன்று காலை கணினியைப் போட்டதும் என் மாடலை முதலில் ஓட்டினேன். சிடி வந்ததும் அடுத்து உங்களுடையது. என்னுடையது அறுபது நிமிடம். உங்களுடையது நாற்பத்தொன்பது. பழைய அறிக்கையில் உங்களுக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு ஐம்பத்தொன்று.

மறுநாள் காலை கணினியைப் புதிதாகப் போட்டு வரிசையை மாற்றி ஓட்டினேன். அச்சாகப் பழைய கணக்கே வந்தது. அப்போதுதான் உறைத்தது. முதலில் ஓடுவதுதான் அத்தனை வருட மழைக் கணக்கையும் டிஸ்கிலிருந்து எடுத்து வருகிறது. அதற்கே ஒன்பது நிமிடம். எடுத்தது மெமரியில் தங்கிவிடுகிறது. அடுத்து ஓடுவதற்கு அது ஆக்கி வைத்த சோறு. நாம் அளந்த ஐந்து நாளும், பெரியவர் என்ற மரியாதையில், "அக்கா முதல்ல" என்று உங்கள் மாடலைத்தான் முன்னால் ஓட்டினேன். மரியாதை கொடுத்தே உங்களைத் தோற்கடித்திருக்கிறேன்.

சரிசமமாக வைத்தால் நீங்கள்தான் இரண்டு நிமிடம் முந்தி.

அந்த அறிக்கையால்தான் நீங்கள் வேலையை விட்டீர்கள். அதே அறிக்கையால்தான் நான் இந்த நாற்காலியில் இருக்கிறேன். இயக்குநரிடம் சொல்லட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள்,
கடிகாரம்

பிப்ரவரி 6

கடிகாரத்துக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக இருந்தது. மாமாவைக் கூப்பிட்டு, "நான் மெதுவு இல்லையாம்" என்றேன். "அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். அவருக்குக் கணினியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

இரண்டாம் முறை கோபம் வந்தது. ஐந்து நாளில் ஒரு நாளாவது மாற்றி ஓட்டியிருக்கலாமே? உன்னை மட்டும் சொல்லவில்லை. முதல் மரியாதை வாங்கிக்கொண்டு நானும்தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் நீ ஜெயித்தாய், நான் போனேன். அதனால் கோபம் உன் மேல்தான் அதிகம்.

மூன்றாம் முறை படித்தபோது கடைசி வரியில் நின்றுவிட்டேன். சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்கிறாய். வேண்டாம் என்று நான் சொன்னால் உனக்கு நிம்மதி. சொல் என்றால் பழி எனக்கு. இந்த மரியாதையும் எனக்கு வேண்டாம். நீயே முடிவு செய். அதுவரை எழுதாதே.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

திருத்திய அறிக்கையை நேற்று என் கையெழுத்தோடு கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. இரண்டு வாரம் மேஜைக்குள்ளேயே வைத்திருந்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

புது இயக்குநர் படித்துவிட்டு, "இப்ப எதுக்கும்மா இது? ரெண்டு நிமிஷம்தானே வித்தியாசம்?" என்று கேட்டார்.

"ஆமா சார், ரெண்டு நிமிஷம்தான். அதுக்குத்தான் அவங்க வேலையை விட்டுப் போனாங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நீங்கள் எவ்வளவு திட்டினாலும் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்,
கடிகாரம்