மேல்காட்டிலிருந்து வந்த பதில்

டாக்டர்,

சின்ன மகளுக்கு இருமல். காலையில் என் மனைவி டிஸ்பென்சரிக்குப் போய் மிக்சர் மருந்து வாங்கி வந்தாள். தக்கையைத் திறந்ததும் அந்தக் காரமான வாசனை வீடெல்லாம் பரவியது. பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். உங்கள் சட்டையிலும் கைக்குட்டையிலும், நீங்கள் இரவல் தந்த புத்தகங்களிலும்கூட அடித்த வாசனை அது. இன்று பள்ளிக்கூடம் விட்டதும் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் உண்மையில் டாக்டர் இல்லை. லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மருந்து கலந்து கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் சனம் டாக்டரையா என்றது. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரான எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. நீங்கள் என்னை மாஸ்டர் என்றீர்கள். நமக்கு வயது ஒன்றுதான். வாய் மட்டும் உங்களுக்குக் கொஞ்சம் நீளம்.

தோட்டத்தை ஒட்டிய காட்டை வெட்டித் தேயிலை போடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் நீங்கள் நேரே தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவுக்குப் போனீர்கள். துரைக்குப் பறவைகள் மேல் பைத்தியம். காட்டோடைகளை ஒட்டி வாழும் ஒரு கருநீலக் குருவி இருக்கிறதே, கண்ணில் படாமல் விடியலிலும் அந்தியிலும் கூர்மையாக விசில் அடிக்குமே, அது எங்கெங்கே இருக்கிறது என்று காட்டினால் அந்தப் பகுதிகளை வெட்டாமல் விடுவதாக வாக்குக் கொடுத்தார். இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்த எங்கள் சனத்துக்கு இந்த நாட்டில் இடம் உண்டா என்று சட்டம் கேட்டுக்கொண்டிருந்த காலம். நீங்களோ குருவிக்கு இடம் தேடப் புறப்பட்டீர்கள். அதைச் சொல்லிக் கேலி செய்துகொண்டே நானும் கூட வந்தேன்.

தோட்டத்து வரைபடத்தில் காட்டைச் சதுரம் சதுரமாகப் பிரித்தீர்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரே அளவு நேரம் நிற்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். பாதையோரமாக மட்டும் நடந்தால் குருவி பாதையோரத்தில்தான் வாழ்கிறது என்று படம் பொய் சொல்லும் என்பீர்கள். அட்டை கடித்த எரிச்சலில் ஒருநாள் நான் கத்தினேன்.

"குருவி இல்லாத எடத்துல எதுக்குங்க இவ்வளவு நேரம் நிக்கணும்?"

"கேட்ட இடத்தை மட்டும் குறிச்சா அது குருவியின்ர படம் இல்லை மாஸ்டர், எங்கட ஆசையின்ர படம்."

கீழ் ஓடைச் சதுரங்களில் குருவி தெளிவாகக் கேட்டது. முகட்டை ஒட்டிய மேல்காடு மட்டும் மௌனமாக இருந்தது. மழைக்காலம் நெருங்கியதால் அவசரப்பட்டோம். குருவியைப் போலவே விசில் அடித்துப் பார்க்கலாம், இருந்தால் பதில் சொல்லும் என்று தீர்மானித்தோம். முகட்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். முகடு நடுவில் இருப்பதால் ஒருவர் விசில் மற்றவருக்குக் கேட்காது என்று நம்பினோம். முதல் பின்னேரமே எனக்குப் பதில் வந்தது. உங்களுக்கும் வந்தது. வியாழக்கிழமை வந்த பதில் என் தலைக்கு நேர் மேலே கேட்டது. உடம்பு சிலிர்த்துவிட்டது. இரவு சாப்பிடும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காற்று அடங்கியிருந்தது. நான் விசில் அடித்தேன். முகட்டுக்கு அப்பால் இருந்து பதில் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு இருமலும் வந்தது. எந்தக் குருவி இருமும்? நான் உங்களுக்கும் நீங்கள் எனக்குமாக விசில் அடித்துக்கொண்டு, இரண்டு பேரும் குருவி என்று குறித்திருக்கிறோம். நான் முகட்டைத் தாண்டி உங்களிடம் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து நின்றீர்கள். பிழை உறுத்துகிறதாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மேல்காட்டுக் குறிகள் அத்தனையையும் ரப்பரால் அழித்தீர்கள்.

"வியாழக்கெழம கேட்டது வேற மாதிரிங்க டாக்டர். அத மட்டுமாவது விடுங்க," என்று கெஞ்சினேன்.

"சந்தேகமெண்டா அழிக்கத்தான் வேணும்," என்றீர்கள். என் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை.

துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கீழ் ஓடைக்காடு நின்றது. மேல்காட்டில் கோடரி விழுந்தது. மரம் சாயும் சத்தம் பள்ளிக்கூடம்வரை கேட்கும். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். உங்கள் நேர்மையை நினைத்து எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

வெட்டி முடித்து, தீ வைத்து, கன்று நட்ட பிறகுதான் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வந்தேன். காசநோய்க்காரர்களின் வார்டில் கடைசிக் கட்டில். கிட்ட வரவேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள்.

"வியாழக்கிழமை நான் மேல வரேல்லை, மாஸ்டர். ஏற ஏலாமல் கீழ ஓடையடியில இருந்திட்டன். இருமினா ரத்தமா வந்தது."

எனக்கு உடனே புரியவில்லை. "அப்ப எனக்குப் பதில் கொடுத்தது?"

"நானில்லை."

வார்டில் யாரோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே பேசினீர்கள். "அந்தக் குறியை விடுறதெண்டா நான் மேல வரேல்லை எண்டு சொல்லவேணும், சொன்னா ஏனெண்டு கேப்பியள். இருமல்காரன் மருந்து குடுக்கக்கூடாதெண்டு துரை அனுப்பிப்போடுவார். ஊரில ரெண்டு தங்கச்சிமார் கலியாணத்துக்கு நிக்கினம்."

 திட்டவேண்டும் போல இருந்தது. உங்கள் காலைப் பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. அடுத்த கிழமை நான் பஸ் ஏறுவதற்கு முன்னரே நீங்கள் போய்விட்டதாகத் தந்தி வந்துவிட்டது.

மேல்காடு இருந்த இடத்தில் இப்போது தேயிலை இடுப்பளவு நிற்கிறது. பெண்கள் பாடிக்கொண்டே கொழுந்து எடுக்கிறார்கள். கீழ் ஓடையில் குருவி இன்னும் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை போய், உங்கள் சட்டப்படி எல்லாச் சதுரத்திலும் ஒரே அளவு நேரம் நின்று குறித்துக்கொள்கிறேன். மேலே உள்ள சதுரங்களையும் விடுவதில்லை. மூடுபனி இறங்கிய பின்னேரங்களில் தேயிலைக்கு நடுவே நின்று காதுகொடுக்கிறேன்.

உங்கள் மேல் உள்ள கோபம் எனக்குத் தீரவில்லை, டாக்டர். உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன் என்பதால் அது தீரவும் போவதில்லை. அங்கே நிற்கும்போது என் உதடு தானாகவே குவிகிறது. ஆனால் நான் விசில் அடிப்பதில்லை. பதில் வராமல் போகும் என்று எனக்குத் தெரியும். வந்துவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.