அண்ணனின் இன்டர்கூலரும் என் சந்தேகமும்

என் அன்பு அண்ணா,

நீ இருந்தால் முதலில் காரைத்தான் விசாரிப்பாய், அம்மாவை அப்புறம்தான் கேட்பாய். அம்மா தெம்பாகத்தான் இருக்கிறாள். "அத்த வித்துத் தொலடி" என்று தினமும் சொல்கிற அளவுக்குத் தெம்பு. கார்தான் கொஞ்ச நாளாகச் சரியில்லை, கொதிக்கிறது.

பொன்னேரியில் எடுத்தால் கவரைப்பேட்டை வரை நல்ல பிள்ளையாக வரும். அதற்கு மேல் மிதித்தால் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்துவிடும். முள் ஏறுவதை என்னால் பார்க்க முடியவில்லை அண்ணா. நீ டெங்குவில் கிடந்தபோது தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். இறங்கிவிடும், இறங்கிவிடும் என்றுதான் அன்றும் எல்லோரும் சொன்னார்கள். வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்துவிட்டு அழுவேன். பார்க்கிறவர்கள் வண்டிக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். இந்த இன்ஜினும் போய்விட்டால், உன் கை பட்டது என்று எனக்கு என்ன மிச்சம்?

யார் மேல் சந்தேகப்பட்டேன் தெரியுமா? உன் கூட்டாளி ஸ்டீபன் அண்ணா மேல்.

சிரிக்காதே. தேர்வாய் கண்டிகை கம்பெனியில் எனக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான் கொடுக்கிறார்கள். செய்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, நம்பிக்கை வந்தால்தான் அடுத்த மேஜைக்கு அனுப்புவேன். ஆளை மட்டும் பார்க்காமல் எப்படி அனுப்புவது?

இன்டர்கூலரை எங்கே வைப்பது என்று நீங்கள் இருவரும் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? டர்போ அழுத்தி அனுப்புகிற காற்று சூடாக இருக்கும், அதை ஆறவைத்து இன்ஜினுக்குக் கொடுக்கிற பெட்டி அது, எதிர்காற்று நேராக விழுகிற முன்பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பாய் நீ.

"அத்த முன்னால வெச்சா பின்னால கீற ரேடியேட்டருக்கு இன்னாடா காத்து வரும்? இன்ஜின் மேல வையி, பானெட்டுல ஓட்ட போட்டு காத்து வுடு" என்பார் அவர்.

நீதான் ஜெயித்தாய். ரேடியேட்டருக்கு முன்னால் நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டினாய். காற்று பக்கவாட்டில் நழுவாமல் இருபுறமும் தகடு அடைத்தாய். நீ இருந்தவரை அந்த முள் பாதியைத் தாண்டியதே இல்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், சர்வீஸுக்கு விட்டிருந்த காரை எடுக்க, நீங்கள் இருவரும் வண்டி வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி ஷெட்டுக்குப் போனேன். சாவு விழுந்த வீடு, வருஷம் திரும்பும்வரை நமக்குப் பண்டிகை கிடையாது, வண்டிக்கும் பூஜை போடவில்லை. ஆனால் ஷெட் தரையெல்லாம் ஈரம். ஸ்டீபன் அண்ணா உன் காரின் முன்பக்கத்தில் பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"இன்னாண்ணா, இவ்ளோ காலைலயே?"

"ஒண்ணுமில்ல பாப்பா. தூசி. சும்மா கழுவிக்கினு கீறேன்."

அதற்கு அப்புறம்தான் கொதிப்பு ஆரம்பித்தது. கூடவே, "நான் அன்னிக்கே சொன்னேன், மேல மாத்திடலாம் பாப்பா" என்கிற பேச்சும். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். உன் இன்டர்கூலரைத் தன் வண்டிக்கு எடுத்துக்கொண்டு, இதில் எதையோ மாட்டிவிட்டாரா? தகட்டைக் கழற்றிவிட்டாரா? போய்ச் சேர்ந்தவனோடு போட்ட சண்டையில் இப்போது ஜெயிக்கப் பார்க்கிறாரா? அவர் வாங்கி வந்த டீயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தேன் அண்ணா.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைச் சர்ச்சிலிருந்து நேராக ஷெட்டுக்கு வரச் சொன்னேன். என் கண்ணெதிரே கழற்றச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்காமல் பம்பரை இறக்கி, பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்தார். மூலையில் உன் கோணல் வெல்டிங் அப்படியே இருந்தது, ஆக மாற்றவில்லை. தகடும் இடத்தில் இருந்தது. அப்போதும் என் மனசு ஆறவில்லை. கம்பெனியில் செய்வதுபோல, காற்றடிக்கிற ஏர் கன்னை எடுத்து இன்டர்கூலரின் பின்பக்கத்திலிருந்து அடித்தேன்.

மஞ்சளாகப் பொடி பறந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள். ஷெட் முழுக்கச் சந்தன வாசனை.

"இன்னாண்ணா இது?"

அவர் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க ஊட்ல இந்த வருசம் பூஜ இல்லன்னு தெரியும். அதுக்காவ வண்டிய மூளியா நிக்க வுட மனசு வரல பாப்பா. அவன் வருசா வருசம் வெப்பான்ல. எனுக்கு இதெல்லாம் பயக்கமில்ல, எவ்ளோ வெக்கணும்னு இன்னா தெரியும்? மூஞ்சி பூரா அப்பிட்டேன். காலைல பாத்தா பயமா பூட்ச்சி. சாவு ஊட்டு வண்டிக்கு இன்னா பண்டிகன்னு அம்மா மனசு நோவும். எங்க பாஸ்டர் பாத்தாலும் பேஜாரு. அதான் தண்ணி அட்ச்சி கழுவிட்டேன்."

நீ பானெட்டில் ஒரே ஒரு பொட்டு வைப்பாய். அவர் காற்று நுழைகிற சந்துகளில் எல்லாம் அப்பியிருக்கிறார். தண்ணீர் மேலே இருந்ததைக் கழுவிவிட்டு, மீதியை உள்ளே தள்ளிவிட்டது. அது காய்ந்து இறுகிக் கிடந்தால், பின்னால் இருக்கிற ரேடியேட்டர் எப்படி மூச்சு விடும்? கொதிப்புக்குத் தன் சந்தனம்தான் காரணம் என்று அவருக்கே தெரியவில்லை. மேலே மாற்றலாம் என்று உண்மையாகவே நம்பிச் சொல்லியிருக்கிறார், பாவம். நீ இருந்திருந்தால் அவரை அடித்திருப்பாயா, கட்டிக்கொண்டிருப்பாயா? எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஊறவைத்து, அலசி, ஊதி, நீ வைத்த இடத்திலேயே மாட்டினோம். நாலு விரல் இடைவெளிக்கு நான் விரலை வைத்தேன். "உன் வெரல் ஆவாது, அவன் வெரல் தடி" என்று சொல்லி, அவர் தன் விரலை வைத்து, அதற்கும் மேல் கொஞ்சம் விட்டார். அன்றைக்கே ஆரம்பாக்கம் வரை மிதித்துப் போய் வந்தோம். முள் பாதியிலேயே நின்றது. இந்தத் தடவை ஓரம் கட்டச் சொல்லி அழுதது அவர்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் வருஷம் திரும்பிவிடும். பொட்டை ஸ்டீபன் அண்ணாதான் வைப்பார், பானெட்டில், ஒன்றே ஒன்று. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன். இன்டர்கூலரை யார் சொன்னாலும் இடம் மாற்ற விடமாட்டேன்.

இன்னொன்று. கீழ் மூலையில் ஒரு சந்தில் கொஞ்சம் சந்தனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பெனியாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இதை ஊதாமல் விட்டுவிட்டேன் அண்ணா.

எதையும் திருப்பிப் பார்க்காமல் நம்பாத
உன் தங்கச்சி