எனக்குப் போட்ட விளக்கு

மே 5, 2024, ஞாயிறு

சிவக்குமார் இன்று பண்ணைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். நான் பெற்ற மகன். புதுச்சத்திரத்தில் நான் கோழிக் கொட்டகை போட்டபோது இவன் பிறக்கவேயில்லை.

நேற்று மதியம் நீர் தூவும் மோட்டாரைப் போடாமல் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். வெயில் தாங்காமல் கோழிகள் செத்துப்போயின. என் தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. நடுச்சாமத்திலிருந்து கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பவனுக்கு மதியம் கண் செருகாதா?

"ராத்திரி நல்லாத் தூங்கற வழியப் பாருங்கப்பா. அப்பறம் சாவி தாரேன்" என்றான்.

மே 11, சனி

மகள் சண்முகப்பிரியா ஃபேர்லேண்ட்ஸில் தன் வீட்டருகே இருக்கும் டாக்டரிடம் கூட்டிப்போனாள். பொழுது சாய்ந்ததுமே தூங்கி நடுச்சாமத்தில் விழிப்பது வயதானவர்களுக்கு வருவதுதானாம். சாயங்காலம் பிரகாசமான விளக்குப் பெட்டி ஒன்றின் முன்னால் உட்கார்ந்தால் தூக்கம் பின்னால் தள்ளிப்போகுமாம். விடிகாலையில் மட்டும் கூடாதாம்.

காலமெல்லாம் கோழிக்கு விளக்குப் போட்டவன் நான். எனக்கு வெளிச்சப் பாடம்!

மே 13, திங்கள்

சாயங்காலம் எல்லோரும் டிவி பார்க்கும்போது, மகள் வாங்கிக் கொடுத்த அந்தப் பெட்டி முன்னால் உட்கார வெட்கமாக இருக்கிறது. தவிர, டாக்டருக்கு என்ன தெரியும்? கொட்டகையில் விடிவதற்கு முன்னால் விளக்குப் போட்டால்தான் கோழி ஒழுங்காக முட்டையிடும். வெளிச்சம் வெளிச்சம்தானே? நாளையிலிருந்து விடியலுக்கு முன்னால்தான்.

மே 29, புதன்

மோசம். விழிப்பு இன்னும் முன்னாலேயே வருகிறது. சாப்பிடும்போதே தலை தொங்கியது. சிவக்குமார் பார்த்துவிட்டு எழுந்து கை கழுவப் போனான். திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

ஜூன் 2, ஞாயிறு

பிரியா வந்தாள். எந்த நேரத்தில் விளக்குப் போடுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கப்பா, நீங்க என்ன முட்டையா போடப் போறீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்றுதான் எரிச்சல்.

ஜூன் 3, திங்கள்

சாயங்காலம் உட்கார்ந்தேன். சாவிக்காக.

ஜூன் 21, வெள்ளி

இந்த வாரம் முழுக்கத் தூங்கியிருக்கிறேன்! எல்லோரும் படுக்கும் நேரத்துக்குப் படுத்து, பால்காரன் வரும்போது எழுகிறேன். மதியம் கண் சொக்கவில்லை. ஞாயிறன்று அவனிடம் கேட்டுவிட வேண்டியதுதான்.

ஜூன் 23, ஞாயிறு

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். "இப்ப நல்லாத் தூங்கறேன்டா. சாவியக் குடு."

செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவன். "சந்தோசமுங்கப்பா. ஆனா இப்ப லைட்டு, மோட்டாரு, தீவனம் எல்லாம் டைமர்லயே ஓடுதுங்க. ஆள் வந்து போடோணும்னு இல்லைங்க. நீங்க ஊட்டுல நிம்மதியா இருங்க."

எப்போது வைத்தாய் என்று கேட்டேன்.

"போன மாசமேங்க."

போன மாசமே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னானா? நானும் கிறுக்கன் மாதிரி தினமும் அந்த வெளிச்சத்தில் போய்க் குந்தியிருக்கேன் — யாருக்காக? எதுக்காக? பாவிப்பயல். என் பண்ணைடா அது.

ஜூலை 8, திங்கள்

வெயில் கட்டில் வரைக்கும் வந்த பிறகுதான் எழுந்தேன். காபி ஆறிப்போயிருந்தது. ஏன் எழுப்பவில்லை என்று மருமகள் யாழினியைக் கேட்டேன்.

"எந்திரிச்சு என்னங்க மாமா பண்ணப் போறீங்க?" என்றாள்.

அன்பாகத்தான் கேட்டாள்.