நாற்காலியை விட்டு எழாத நாள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

இங்கே படிப்பதற்காக நான் தங்கியிருக்கும் வீட்டின் ஐயா கூடத்துக்குள் வந்தாலே, உங்களைக் கண்டதுபோல் எழுந்துவிடுகிறேன். நான் வெளியே கிளம்புவதாக நினைத்து அவர் வாசற்கதவைத் திறந்துவிடுவார். மறுக்கக் கூச்சப்பட்டு, பனிமூட்டத்தில் மிதப்பதுபோல் தெருவை ஒரு சுற்று சுற்றி வருவேன்.

நேற்று வீட்டுக்கார அம்மா, "தினமும் எங்கம்மா போறே?" என்றார். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கும் நம் வீட்டுப் பழக்கத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நீ பாட்டுக்கு உக்காரும்மா, இதுவும் உன் வீடுதான்."

இன்று எழவில்லை. சன்னல் வெயிலில் ஐயாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். சுகமாகத்தான் இருந்தது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் உள்ளே வரும்போது எழுந்து நிற்க இப்போது அங்கே யாருமில்லை. என் நாற்காலியில் மட்டும் துணியைக் குவிக்காதீர்கள், அப்பா.

உங்கள் மகள்