பதிவு அங்கே, ஆள் இங்கே

6 அக்டோபர் 2025, வரதராஜன்பேட்டை
அனிதாவும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள். அனிதாவின் அம்மா கால் முறிந்து திருச்சியில் மகன் வீட்டில் கிடக்கிறார். பூலாம்பாடிக்குத் தாய்வீடு போக வேண்டியவள் இங்கேயே என்னோடு. சமையல், துணி, வெந்நீர் எல்லாம் நான்தான். சரியாகச் செய்கிறேனா? கேட்டால் "ம்" என்கிறாள்.

7 அக்டோபர்
குழந்தை அழுதது. பக்கத்திலேயே இருந்தும் அனிதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

9 அக்டோபர்
பிரசவமான வீட்டுக்கு நர்ஸ் வந்து பார்ப்பார் என்றார்களே? அனிதாவின் கர்ப்பப் பதிவு தாய்வீட்டு ஊரில்தான்; பூலாம்பாடி நர்சுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை போய்ப் பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பினாராம். இந்த ஊர்ப் பட்டியலிலோ அனிதா பெயர் இல்லை. அப்படியானால் நாங்கள் எந்த ஊர்?

10 அக்டோபர்
பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தக் கிளம்பினேன். சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைய புள்ளையோட தனியா வுட்டுட்டுப் போவாதீங்க. பயமா இருக்கு." எதற்கு என்றால் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது — அப்புறம் எனக்கே பயம். லீவு சொன்னேன். என்ன ஆச்சு இவளுக்கு? யாருகிட்ட கேக்குறது?

13 அக்டோபர்
துணை சுகாதார நிலையத்துக்கு நேரே போய்விட்டேன். நர்ஸ் அமலோற்பவமேரி முழுக்கக் கேட்டார். பட்டியல் அப்புறம் இருக்கட்டும் என்று என் வண்டியிலேயே வந்தார். குழந்தையை எடை பார்ப்பார் என்று நினைத்தேன். முதலில் அனிதா அருகே உட்கார்ந்து, "தூங்குனியாம்மா?" என்றார். பதினாறு நாளில் நான் இதைக் கேட்டேனா? நினைவில்லை. வெகுநேரம் அழுதாள். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று ஓயாமல் தோன்றுகிறதாம்.
வெளியே வந்து நர்ஸ் சொன்னார்: "இது நோவு தம்பி. அவ வேணும்னு பண்ணல. நாளைக்கே டாக்டருகிட்ட போயிரணும்."

14 அக்டோபர்
அரியலூர். மனநல டாக்டர். மாத்திரை. தாய்ப்பால் கொடுக்கலாமாம். இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.

29 அக்டோபர்
நர்ஸ் வாரம் இரண்டு தடவை வருகிறார். இதே ஊரில் இருக்கும் என் அக்காவிடம் இப்போதுதான் வாய் திறந்தேன்; பகலில் துணைக்கு அவள். நேற்று அனிதா சிரித்தாள். இன்று மறுபடி சுவர். தேறுகிறாளா, இல்லையா?

23 நவம்பர், ஞாயிறு
காலையில் நர்ஸ் போன். கரும்பு வெட்ட வந்தவர்களின் கொட்டகையில் ஒரு பெண், எட்டு நாள் பிள்ளை, எந்தப் பட்டியலிலும் இல்லை. தன்னை அங்கே வண்டியில் கொண்டுபோய்விட முடியுமா என்றார். அக்கா பூசைக்குப் போயிருந்தாள். தயங்கினேன்.
"போயிட்டு வாங்க. அந்தப் பொண்ணு என்ன பாடு படுதோ" என்றாள் அனிதா.
போனேன். வழியெல்லாம் மனசு வீட்டில்தான். நர்ஸ் கொட்டகைக்குள் போனதும் அந்தப் பெண்ணின் கணவன் என் பக்கத்தில் வந்து நின்றான். "ஒண்ணும் புரியல சார்" என்றான். எனக்கும் புரியவில்லைதான் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?
திரும்பியபோது பன்னிரண்டரை. குழந்தை அனிதாவின் நெஞ்சில் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, சத்தம் போடாதீர்கள் என்று கண்ணாலேயே என்னை அதட்டினாள்.