கொழும்பு ரயிலின் ஜன்னல்

ஆவணி, ஞாயிறு இரவு



நேற்று பொலன்னறுவையிலிருந்து திரும்பும்போது, எதிரே வரும் கொழும்பு ரயிலுக்கு வழிவிட எங்கள் ரயில் வாழைச்சேனையில் நின்றது. வழக்கம்போல அந்த ரயிலை எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை வீடியோ எடுத்தேன்.

இன்று பின்னேரம் பக்கத்து வீட்டுப் பவானி அக்கா வந்தார். "நேற்று எடுத்தது, சத்தத்தை மட்டும் கேளுங்க" என்று பெருமையோடு போட்டுக் காட்டினேன்.

"கொஞ்சம் நிப்பாட்டு தம்பி."

நிறுத்திய வீடியோவில், ரயில் ஜன்னலோரம் ஒருவர் இறால் வடை தின்றுகொண்டிருந்தார். அக்காவின் புருஷன். இரண்டு வருடமாகக் கத்தாரில் வேலை செய்கிறவர்.

"நேத்துத்தானே எடுத்த?"

பழையது என்று சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே உளறிவிட்டேனே.

"ஓம் அக்கா."

போனைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வீடியோவை நேற்றிரவு முழுக்கப் பார்த்தவன் நான். எஞ்சின் நம்பர் மனப்பாடம். ஒரு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது மதிலுக்கு அப்பால் அக்காவின் போன் அடிக்கிறது. தினமும் இந்த நேரத்துக்குக் கத்தாரிலிருந்து வரும் அழைப்பு. எடுத்துவிட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஓம், சாப்பிட்டன். நீங்க? அங்க வெயில் கடுமையோ?"